அஞ்சிய உயிருக்கு ஓர் அடைக்கலம்

(தீபாவளியை முன்னிட்டு நடைபெற்ற அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீபாவளியை ஒட்டிய கூட்டத்தில் நரகாசுரனைப் பற்றிப் பேசுவார்கள். இலட்சுமி பூசையைப் பற்றிப் பேசுவார்கள். இவர் பூனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. தாராளமாகப் புன்னகை செய்யுங்கள். ஆனால் வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்று சொன்னால், இந்த மண்டபத்தில் பல கைகள் உயரும். சென்ற தீபாவளி இரவில், தெருவெல்லாம் பட்டாசு வெடித்தபோது அந்தப் பூனை எங்கே இருந்தது என்று கேட்டால், உயர்ந்த கைகளில் பல மெல்ல இறங்கும். அதனால்தான் இந்தப் பொருளை இன்று எடுத்துக்கொண்டேன்.

பூனை நமது சமயத்துக்கு அந்நியமான பிராணியன்று. இறைவனிடம் சரண் புகுவதை விளக்க வந்த வைணவப் பெரியோர்கள் இரண்டு உவமைகளைக் கையாண்டார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. இது மர்க்கட நியாயம். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்வதில்லை. தாய்ப்பூனையே அதைக் கவ்வி எடுத்துப் பத்திரமான இடத்தில் சேர்க்கிறது. இது மார்ஜார நியாயம். வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் தெய்வமாக வணங்கப்படும் சஷ்டி தேவிக்குப் பூனையே வாகனம். நம் முருகப் பெருமானின் தேவியாகிய தேவசேனைக்குச் சஷ்டி என்றும் ஒரு பெயர் உண்டு என்று மகாபாரதம் கூறுகிறது. தீபாவளி அமாவாசைக்கு மறுநாளே கந்த சஷ்டி விரதத்தைத் தொடங்குகிற நமக்கு இது நினைவில் இருக்கத்தக்க செய்தியாகும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். தாய்ப்பூனை கவ்வுவது சின்னஞ்சிறு குட்டியை. அதற்குத் தாயின் வாயே அடைக்கலம். வளர்ந்த பூனையின் இயல்பு வேறு. அது அஞ்சும்போது ஒளிந்துகொள்ளவே விரும்பும். அந்த நேரத்தில் நாம் அன்பு மிகுதியால் அதைப் பிடித்து இழுத்து மார்போடு இறுக்கினால், அதன் அச்சம் இருமடங்காகும். நம் கையும் கிழியும். அடைக்கலம் என்பது கட்டிப் பிடிப்பதன்று, இடம் தருவது. இன்று நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான். மற்றவையெல்லாம் அதன் விளக்கமே.

முதலில், அது ஏன் இவ்வளவு அஞ்சுகிறது? மனிதக் காது வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். பூனையின் காது 60,000 அதிர்வுகளுக்கு மேலும் கேட்கும். சுவருக்குப் பின்னால் எலி கிறீச்சிடுவதைக் கேட்டு வேட்டையாடுவதற்காக இயற்கை அதற்குக் கொடுத்த செல்வம் அது. வெடிக்கப் போகிறது என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். திரியில் நெருப்பு வைப்பதே நாம்தான். பூனைக்கு அது எங்கிருந்து வருகிறது, எப்போது முடியும் என்று ஒன்றும் தெரியாது. பூனை வேட்டையாடும் பிராணி மட்டுமன்று. தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகும் பிராணியும் ஆகும். ஆகவே பேரொலி கேட்டவுடன் ஓடி ஒளிவது அதன் இரத்தத்தில் ஊறியது. அதைக் கோழைத்தனம் என்று கேலி செய்வதில் நியாயமில்லை.

நம் பெற்றோர் காலத்தில் தோட்டப்புற லயங்களில் இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. வெடிச் சத்தம் கேட்டால் பூனை ரப்பர் மரங்களுக்கு இடையே ஓடிவிடும். ஊர் அடங்கியதும் அடுப்படிக்குத் திரும்பி வரும். இன்று நாம் தாமான்களில் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழ்கிறோம். கம்பிக் கதவின் இடுக்கு வழியே பாய்ந்து வெளியேறும் பூனைக்கு எதிரே இருப்பது மரக்காடு அன்று. கார்கள் விரையும் சாலை. அடுக்குமாடியில் பலகணியிலிருந்து தவறினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலும், இது தீபாவளி ஒரு நாளோடு முடியும் காரியமன்று. ஆங்கிலப் புத்தாண்டு இரவு, சீனப் புத்தாண்டு, பினாங்கில் ஹொக்கியன் சமூகத்தார் விண்ணரசரை வணங்கும் ஒன்பதாம் நாள் பிறக்கும் நள்ளிரவு, நோன்புப் பெருநாள், ஆகஸ்டு 31 தேசிய தினம் என்று வானம் அதிரும் இரவுகள் இந்த நாட்டில் பல. பட்டாசு விற்பதையும் வெடிப்பதையும் 1957-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்றாலும், பண்டிகை இரவில் சத்தம் வரத்தான் செய்யும். ஒருமுறை முறையாக ஏற்பாடு செய்து வைத்தால் ஆண்டு முழுவதும் பயன்படும்.

ஏற்பாட்டை ஒரு வாரம் முன்னரே தொடங்குங்கள். வீட்டின் உட்புறத்தில், சாலையை ஒட்டாத ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். படிக்கட்டின் கீழே உள்ள சாமான் அறையும் நல்லதே. ஓர் அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்தி, உள்ளே நீங்கள் உடுத்திய, துவைக்காத பழைய சட்டை ஒன்றைப் போடுங்கள். உங்கள் வாசனையே அதற்குப் பெரிய ஆறுதல். உயரத்தை விரும்பும் பூனையாக இருந்தால் அலமாரியின் மேல் ஓர் இடம் ஒதுக்குங்கள். நாள்தோறும் அதற்குப் பிடித்த உணவில் சிறிது அங்கே வைத்து வாருங்கள். அச்சம் வருவதற்கு முன்பே அந்த இடம் அதற்குச் சொந்தமாகிவிட வேண்டும்.

அட்டைப் பெட்டி போதுமா என்று ஐயுற வேண்டாம். நெதர்லாந்து நாட்டில் ஒரு விலங்குக் காப்பகத்தில் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள்; மற்றவற்றுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி பெற்ற பூனைகள் விரைவாக மன அமைதி அடைந்தன. காசு செலவில்லாத மருந்து அது.

வெளியே சுற்றித் திரியும் பூனையாக இருந்தால், இரவு உணவை இப்போதிருந்தே மாலை வேளைக்கு மாற்றி, வீட்டுக்குள் வைத்துக் கொடுங்கள். இருட்டுவதற்கு முன் உள்ளே வரும் பழக்கம் தானே ஏற்படும். மிகவும் அஞ்சும் பூனை என்றால் கால்நடை மருத்துவரைச் சில நாள் முன்னதாகவே பாருங்கள். பூனைகளின் முகச் சுரப்பை ஒத்த பொருளைக் காற்றில் பரப்பும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. மருத்துவர் தேவை என்று கருதினால் அச்சம் தணிக்கும் மாத்திரையும் தருவார். ஆனால் தாய்மார்களே, ஒன்றை மறவாதீர்கள். நமக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையின் உயிரைக் குடித்துவிடும். தைலம் தடவுவதும் வேண்டாம். கற்பூரமும் யூக்கலிப்டஸ் எண்ணெயும் பூனைக்கு நஞ்சு.

தீபாவளி அன்று பிற்பகலில் அதனோடு சற்று விளையாடுங்கள். மாலையில் வயிறார உணவு கொடுங்கள். இருட்டுவதற்கு முன் அந்த அறையின் சன்னல்களை மூடித் திரையை இழுத்துவிடுங்கள். நம் நாட்டு வெப்பத்தில் மூடிய அறை அடுப்பாகிவிடும். ஆகவே மின்விசிறி சுழலட்டும். அதன் ஓசை வெளிச் சத்தத்தையும் சிறிது மறைக்கும். வானொலியில் மென்மையான பாட்டு ஒலிக்கலாம். தண்ணீர், உணவு, மணல் தட்டு மூன்றும் உள்ளேயே இருக்கட்டும். உணவையும் மணல் தட்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள். திறந்த இல்ல உபசரிப்புக்கு விருந்தினர் வந்துகொண்டே இருப்பார்கள், வாசற்கதவு மூடாது. ஆகவே அறைக்கதவில், "உள்ளே பூனை, திறக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

வெடிச் சத்தம் தொடங்கியதும் நாம் செய்ய வேண்டியது மிகக் குறைவு. கட்டிலுக்கு அடியில் போய்விட்டதா? அங்கேயே இருக்கட்டும். பிள்ளைகள் கைவிளக்கை அடித்து எட்டிப் பார்க்க வேண்டாம். வீட்டில் ஒருவர் அறையில் தரையில் அமைதியாக அமர்ந்து, தேவாரமோ திருப்புகழோ மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருக்கலாம். பூனைக்கும் அமைதி, நமக்கும் புண்ணியம். அதுவாக வந்து மடியில் ஏறினால் தடவிக் கொடுங்கள். அச்சப்படும்போது தடவிக் கொடுத்தால் அச்சம் பழக்கமாகிவிடும் என்று சிலர் சொல்வது சரியன்று. அச்சம் என்பது பரிசு கொடுத்து வளர்க்கும் பழக்கமன்று. இருந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டால் திட்டாதீர்கள். அது வேண்டுமென்று செய்ததன்று.

சத்தம் ஓய்ந்தவுடன் கதவைத் திறந்துவிட வேண்டாம், விடியும்வரை பொறுங்கள். நள்ளிரவுக்கு மேலும் யாராவது ஒரு சரம் கொளுத்துவார்கள். காலையில் முகப்பில் கிடக்கும் வெடிமருந்துக் குப்பையைக் கூட்டி அள்ளிய பிறகே பூனையை வெளியே விடுங்கள். காரை எடுக்குமுன் முன்மூடியை இரண்டு தட்டுத் தட்டுங்கள். அஞ்சிய பூனைகள் இயந்திரத்துக்குள் ஒளிவதுண்டு.

அடுத்த இரண்டு நாளும் கண்காணிப்பு தேவை. ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடாவிட்டால் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். பருத்த பூனை பட்டினி கிடந்தால் கல்லீரல் கெடும். ஆண் பூனை மணல் தட்டில் அடிக்கடி அமர்ந்து முக்கியும் சிறுநீர் வராவிட்டால், அது மலச்சிக்கல் என்று எண்ணி மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். மன உளைச்சல் அந்த அடைப்பைத் தூண்டக்கூடும். சில மணி நேரத் தாமதமும் உயிருக்கு ஆபத்து. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அவ்வாறே உடனே புறப்படுங்கள்.

இத்தனைக்கும் மீறிப் பூனை ஓடிவிட்டால் மனம் தளர வேண்டாம். எங்கள் தாமானில் தனியாக வாழும் ஒரு பாட்டியம்மாவுக்குப் பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில். அவருக்குப் பேச்சுத்துணை ஒரு கறுப்புப் பூனைதான். ஒரு தீபாவளி இரவில் அது காணாமற் போயிற்று. பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் ஊரையே சுற்றித் தேடினார்கள், கிடைக்கவில்லை. பாட்டியம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் இரவு, ஊர் அடங்கிய பிறகு அவரே சோற்றுக் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு பின்சந்தில் நடந்தார். மூன்றாவது வீட்டின் பின்னால், கால்வாய்ப் பலகைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. அவ்வளவு நேரமும் அது கூப்பிடு தூரத்தில்தான் இருந்திருக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வும் இதையே சொல்கிறது. காணாமற் போய்க் கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று, தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன. ஆகவே தொலைவில் தேடுமுன் பக்கத்தில் தேடுங்கள். இரவில், அமைதியாக, கையில் விளக்கோடு தேடுங்கள். இப்போதே அதன் தெளிவான புகைப்படம் ஒன்றை எடுத்து வையுங்கள். அடையாளச் சில்லு பொருத்துவதும், இழுபட்டால் தானே கழன்றுவிடும் கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணை எழுதுவதும் நல்லது.

நிறைவாக ஆலய நிர்வாகத்தினருக்கும் உபயகாரர்களுக்கும் ஒரு விண்ணப்பம். திருவிழாவில் வாண வேடிக்கை உண்டென்றால், நாளையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்னதாக அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் தெரிவித்துவிடுங்கள். அக்கம்பக்கத்தில் வாழும் மலாய், சீன அன்பர்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள் வீட்டிலும் பூனை உண்டு. கைக்குழந்தையும் நோயாளியும் உண்டு. அறிவித்த நேரத்தில் தொடங்கி, அறிவித்த நேரத்தில் முடித்துவிடுங்கள். கோயில் மண்டபத்தை நம்பி வாழும் பூனைகளுக்கு மடைப்பள்ளியின் பின்புறம் இரண்டு பெட்டிகள் வைத்தால், அதுவும் ஓர் உபயமே.

2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 2017-இல் இந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. வளர்க்கும் பிராணியைத் துன்பத்திலிருந்து காப்பது வளர்ப்பவரின் கடமை என்கிறது அது. சட்டம் சொல்லித்தான் நாம் செய்ய வேண்டும் என்பதில்லை. நாம் நாள்தோறும் வணங்கும் திருவுருவங்களின் வலக்கையைப் பாருங்கள். அஞ்சாதே என்று அபயம் காட்டுகிறது. அந்தக் கை நம்மைப் பிடித்து இழுப்பதில்லை. நாம் வந்து ஒதுங்க இடம் தருகிறது. நம்மையே நம்பி வாழும் சிறிய உயிருக்கு அந்த அபயத்தில் ஒரு துளியை நாமும் கொடுப்போம். ஓர் அட்டைப் பெட்டி, ஒரு பழைய சட்டை, மூடிய ஒரு கதவு. இந்தத் தீபாவளிக்கு அவ்வளவுதான் தேவை.