நரம்பிலோடும் செய்தி



வெறுங்காலுடன் ஒழுங்கையால் நடந்து செல்லும்போது நெருஞ்சிமுள் ஒன்று குத்திவிடுகின்றது. சுருக்கென்ற நோவு உடனே தெரிகின்றது. சற்றுப் பிந்திக் காந்தலான இன்னொரு நோவு வந்து சேர்கின்றது. முள் ஒன்று, குத்தியதும் ஒரு முறை. செய்தி மட்டும் இருமுறை வருவானேன்? காலிலிருந்து புறப்படும் நரம்பிழைகளுட் சில விரைவானவை. சில மிக மந்தமானவை. மந்தமான இழையிற் செய்தி செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றரே செல்லும். நாம் ஆறுதலாக நடக்கும் வேகம் அது!

நரம்பைத் தந்திக் கம்பிக்கு ஒப்பிடுதல் வழக்கம். அவ்வுவமை பாதிதான் பொருந்தும். நரம்பிற் செல்லும் செய்தியின் வேகத்தை மனிதன் என்றுமே அளக்கமாட்டான் என்றே ஜேர்மானிய அறிஞர் யொஹான்னெஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அதனை அளந்தே விட்டார். தவளைக்கால் நரம்பை, தசைக்கு அருகில் ஒருமுறையும் தொலைவில் ஒருமுறையும் தூண்டி, தசை சுருங்குவதிலுள்ள காலவேற்றுமையைக் கணித்தார். கிடைத்த விடை, செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர். கம்பியில் ஓடும் மின்னோடு பார்த்தால் இது நத்தை வேகம்.

அவ்வாறாயின் நரம்பில் ஓடுவது யாது? இதற்கு விடை தந்தது கணவாய். நாம் கறிக்கு வாங்கும் கணவாயின் இனத்தில், நீண்ட உடலுடைய ஒருவகைக்கு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தொடக்கம் ஒரு மில்லிமீற்றர் வரை தடித்த நரம்பிழை உண்டு. ஆபத்து வேளையில் நீரைப் பீச்சிப் பாய்ந்தோட அஃது உதவுகின்றது. மனித நரம்பிழைகளுள் மிகத் தடித்தது தானும் ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதிலொரு பங்கே.

1939இல், இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில், ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இருவர் அவ்விழையினுள் நுண்ணிய கண்ணாடிக் குழாயொன்றைச் செலுத்தி மின்னழுத்தத்தை அளந்தனர். ஓய்விலிருக்கும் நரம்பிழையின் உட்புறம், வெளிப்புறத்தைவிடப் பல பத்து மில்லிவோல்ற்று எதிரானது. செய்தி கடக்கும்போது அவ்வேற்றுமை அற்றுப்போகும் என்றே அறிஞர் பலரும் எண்ணியிருந்தனர். அளவுகருவியோ வேறு கதை சொல்லிற்று. உட்புறம் பூச்சியத்தையும் கடந்து நேராகிவிட்டது! காரணத்தை ஆராயுமுன் போர் மூண்டது. இருவரும் நரம்பை விட்டுப் போர்க்காலப் பணிக்குச் சென்றனர்.

போர் முடிந்த பின் புலனானது இது. நரம்பிழையின் மென்சவ்வுக்கு வெளியே சோடியம் மிகுதி. உள்ளே பொற்றாசியம் மிகுதி. தூண்டப்பட்ட இடத்திற் சோடியத்துக்குரிய நுண்வாயில்கள் திறக்கின்றன; சோடியம் உள்ளே பாய்கின்றது. அதனால் எழும் மின்மாற்றம் அடுத்த இடத்து வாயில்களைத் திறக்கின்றது. முதலிடத்திற் பொற்றாசியம் வெளியேற, பழைய நிலை மீள்கின்றது. சீனவெடித் திரியில் நெருப்பு ஊர்வதை எண்ணிக்கொள்ளுங்கள். எரிந்த திரி சாம்பலாகும். நரம்போ சில மில்லிசெக்கனில் மீண்டும் ஆயத்தமாகிவிடும். விரைவான இழைகளுக்குக் கொழுப்புறை உண்டு. அவற்றிற் செய்தி இடைவெளிக்கு இடைவெளி தாவிச் செல்லும்.

வாயில்களின் போக்கைச் சமன்பாடுகளாக எழுதிய ஹக்ஸ்லி, கையாற் சுழற்றும் கணிப்பொறியைக்கொண்டு செய்தியின் வேகத்தைக் கணித்தார். வந்தது செக்கனுக்கு 18.8 மீற்றர், கணவாயில் அளந்தது 21.2 மீற்றர். 1952இல் வெளிவந்த இவ்வாய்வுக்காக 1963இல் இருவரும் எக்கிள்சு என்பாருடன் நோபல் பரிசு பெற்றனர். இவ்வளவு நெருங்கிய கணக்கு உயிரியலில் அரிது.

கணவாய் காட்டிய வாயிலை அடைக்கவல்ல மீனும் கடலில் உண்டு. அது பேத்தை. அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு, சோடிய வாயிலின் வெளிப்புறத்தை மூடி போல அடைத்துவிடும். சமைத்தாலும் அந்நஞ்சு அழியாது. உண்டவருக்கு முதலில் உதடு விறைக்கும்; பின்னர் கைகால் சோரும்; முடிவில் மூச்சுத் தசைகள் இயங்கா. அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அவர் எல்லாம் கேட்பார்; பேச இயலாது. ஆதலால், அசைவற்றுக் கிடக்கிறாரே என்று அவரைக் கைவிடல் ஆகாது. மாற்று மருந்து இல்லையாயினும், நஞ்சு வாயிலை அழிப்பதில்லை, அடைத்துமட்டுமே வைக்கின்றது. தாமதமின்றி வைத்தியசாலை சேர்த்து, செயற்கைச் சுவாசத்தால் முதல் நாளைக் கடத்திவிட்டால், நஞ்சு சிறிது சிறிதாக நீங்கும். மூடியிருந்த வாயில்கள் திறக்கும். பெரும்பாலானோர் தாமாகவே மூச்செடுக்கத் தொடங்குவர்.