சிபிலிஸ் நோய்த் தடுப்பும் தாய்சேய் நலமும்

(சுகாதாரப் பணியாளர் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)

பாலுறவின் வழியே பரவும் நோய்களுள் நெடுங்காலமாக மக்களை வருத்தி வருவது சிபிலிஸ். நாட்டு வழக்கில் இது மேகப்புண் என்றும் பறங்கிப்புண் என்றும் குறிக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவபிரகாசம் என்னும் ஆயுர்வேத நூலும் இதனை அயல்நாட்டாரோடு இணைத்து 'பிரங்க ரோகம்' என்றே அழைத்தது. நோய்க்கான பழியைப் பிறர்மேல் சுமத்தும் மனப்போக்கு இன்றும் மறைந்துவிடவில்லை. அதனால் எழும் வெட்கமும் அச்சமுமே சிகிச்சைக்குப் பெருந்தடைகள்.

நோயின் போக்கு

இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1905இல் ஷாவ்டின், ஹாஃப்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். நோய் தொற்றி ஏறத்தாழ மூன்று வாரங்களில் பிறப்புறுப்பிலோ வாயிலோ வலியற்ற புண் ஒன்று தோன்றும். மருந்தின்றியே அது ஆறிவிடும். பிறகு உள்ளங்கைகளிலும் உள்ளங்கால்களிலும் தடிப்புகள் தோன்றலாம், அவையும் மறைந்துவிடும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் அறிகுறி எதுவும் இராது. ஆயினும் நோய் உடலினுள் தங்கியிருந்து, சிலருக்கு இதயத்தையும் மூளையையும் தாக்குகிறது. ஆகவே, புண் ஆறியதைக் கொண்டு நோய் தீர்ந்தது எனக் கருதலாகாது. இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது இன்றியமையாதது.

கருவிலுள்ள குழந்தை

தாயின் நோய் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைகிறது. கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல், பிறவியிலேயே நோயுறுதல் ஆகியவை இதன் விளைவுகள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022இல் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் 80 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகத் தொற்றியது. பிறவி சிபிலிஸ் நேர்வுகள் ஏறத்தாழ 7 லட்சம். இத்துன்பம் தவிர்க்கக்கூடியது என்பதே கருதத்தக்கது.

சிகிச்சையும் செலவும்

பெனிசிலின் இந்நோயைத் தீர்க்கும் என்பது 1943இல் தெளிவாயிற்று. 1955இல் பிம்பிரியிலுள்ள பொதுத்துறை ஆலையில் அம்மருந்தின் உற்பத்தி தொடங்கியது. நோயின் தொடக்க நிலையில் 24 லட்சம் யூனிட் பென்சாத்தின் பெனிசிலின் ஊசி ஒரு முறை போதும்; நாட்பட்ட நிலையில் வாரம் ஒன்றாக மூன்று ஊசிகள் தேவை. கருவுற்ற பெண்ணுக்கு இம்மருந்தே உகந்தது. பேறுகாலத்திற்கு 30 நாட்களுக்கு முன்னரேனும் அதனைத் தருதல் வேண்டும். எனவே, கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே பரிசோதனை நடைபெற வேண்டும்.

இம்மருந்தின் விலை மிகக் குறைவு. இலாபம் குறைவாதலால் உற்பத்தியாளர் ஆர்வம் காட்டாமையும், அதனால் தட்டுப்பாடு நேர்வதும் உண்டு. தேவையை முன்கூட்டியே கணித்துக் கொள்முதல் செய்வது அரசின் பொறுப்பாகும். நோயுற்றுப் பிறக்கும் ஒரு குழந்தையின் சிகிச்சைக்கும் பராமரிப்புக்கும் ஆகும் செலவை நோக்க, தாய்க்கு இடும் ஊசியின் செலவு அற்பமே.

கணவருக்கும் சிகிச்சை

மனைவிக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பிவிட்டால் பணி பாதியில் நின்றுவிடும். ஒருமுறை குணமடைந்தவருக்கும் இந்நோய் மீண்டும் தொற்றும். கணவர் சிகிச்சை பெறாவிடில், பேறுகாலத்திற்கு முன்னரே மனைவி மறுபடியும் நோயுறக்கூடும். நோய் யாரிடமிருந்து வந்தது என்று விசாரிப்பது மருத்துவமனையின் வேலையன்று. பழியேற்க நேரும் என்ற அச்சமிருந்தால் மனைவி முடிவைக் கணவரிடம் சொல்லமாட்டாள். கணவரும் மருத்துவமனைக்கு வரமாட்டார். இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கையை ஊட்டி இருவரையும் வரவழைப்பதில்தான் சுகாதாரப் பணியாளரின் திறமை அடங்கியுள்ளது.

அரசு மருத்துவமனைகளின் சுரக்ஷா மையங்களில் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. 2016இல் தொடங்கிய பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ், மாதந்தோறும் 9ஆம் நாள் கருவுற்ற பெண்களுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. ஆணுறையை முறையாகப் பயன்படுத்துவது நோய் தொற்றும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கும்.

தாயிடமிருந்து சேய்க்கு இந்நோய் பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழைக் கியூபா 2015இலும் இலங்கை 2019இலும் பெற்றன. செல்வ வளத்தில் முன்னணியில் நில்லாத இந்நாடுகள், ஒவ்வொரு தாயையும் உரிய காலத்தில் பரிசோதித்தே இதனைச் சாதித்தன. இந்தியாவிலும் பரிசோதனை வசதி உண்டு; மருந்தும் உண்டு. தாயும் தந்தையும் அச்சமின்றி மருத்துவமனைக்கு வரும் நிலை உருவாகுமாயின், பிறக்கும் குழந்தைகள் இந்நோயிலிருந்து காக்கப்படுவர்.