துரு நீக்கலும் உரு காத்தலும்



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் அவையில் பழைய வண்டி ஒன்றைப் பழுது பார்ப்பது பற்றிய உரை எதற்கு என்று சிலர் வியக்கலாம். பழமையைக் காத்தல், பழமையைப் புதுக்குதல் என்னும் இரு தொடர்களும் இலக்கிய அரங்குகளில் ஓயாமல் ஒலிப்பவை. இரண்டும் ஒன்றா, வேறா என்னும் வினாவுக்குப் பட்டறை ஒன்றில் தெளிவான விடை கிடைக்கிறது. அவ்விடையைக் கவிஞர் பெருமக்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் பங்கீடு. ரோவர் நிறுவனத்தின் பொறியியல் பொறுப்பிலிருந்த மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸைச் சேர்ந்த ஆங்கிள்சி தீவிலிருந்த தம் பண்ணையில், போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அது தேய்ந்துபோனால் அதனிடத்தில் எதை வாங்குவது என்னும் கேள்வியில் பிறந்ததே லேண்ட் ரோவர். 1947இல் ரெட் வார்ஃப் விரிகுடாவின் கடற்கரை மணலில் அதன் முதல் உருவை அவர் வரைந்து காட்டினார் என்பர். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகுக்கு அறிமுகமாயிற்று. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம், 1.6 லிட்டர் பெட்ரோல் என்ஜின். நான்கு சக்கரங்களுக்கும் விசை. எஃகு அரிதானமையால் மேனிக்கு அலுமினியக் கலவைத் தகட்டை அமைத்தனர். சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தையும், ஓட்டுநரின் கால்களுக்கு முன்னுள்ள தடுப்பையும் எஃகினால் செய்தனர். பற்றாக்குறை கற்பித்த சிக்கனமே அவ்வண்டியின் அழகாயிற்று. 2016 ஜனவரி 29 அன்று அதன் வழித்தோன்றலான டிஃபெண்டரின் பழைய வடிவம் சோலிஹல் ஆலையில் உற்பத்தி நின்றபோது, அந்த மரபில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன.

இத்தகைய வண்டி ஒன்று வயலோரத்தில் இருபது முப்பது ஆண்டுகள் மழை நனைந்து கிடப்பின், அதன் தோற்றமே காண்போரை ஏமாற்றும். அலுமினியம் எஃகைப் போலச் செந்துரு ஏறிச் சிதைவதில்லை. ஆகவே மேனி நலமாயிருக்கும். உள்ளே அடிச்சட்டம் இற்றிருக்கும். அச்சட்டம் தகடுகளைப் பெட்டி வடிவில் பற்றவைத்து ஆக்கியது. அப்பெட்டியினுள் புகுந்த சேறும் ஈரமும் வெளியேற வழியின்றித் தங்கிவிட, துரு உள்ளிருந்தே தின்று வெளியே வருகிறது. அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் இடங்களிலோ, அலுமினியமே வெண்பொடியாகி உதிர்கிறது.

இதனை அறிந்த கைவினைஞன் முதலில் வண்ணத்தைப் பார்ப்பதில்லை. சுத்தியலை எடுத்து அடிச்சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டுகிறான். நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். இற்ற எஃகு மொத்தென்று அடங்கும். பின்புறக் குறுக்குச் சட்டம், பக்கவாட்டில் நீளும் தாங்கிகள், கால் வைக்கும் பள்ளம் ஆகியவையே பெரும்பாலும் குற்றம் சொல்லும் இடங்கள். இற்ற பகுதியின் மேல் புதுத் தகடு ஒன்றை ஒட்டி, கருவண்ணம் பூசி மறைத்துவிடுவது எளிது. அது பழுது பார்த்தலன்று, பழுதை மூடுதல். இற்றதை நல்ல எஃகு தென்படும் வரை வெட்டியெறிந்து, அங்கிருந்து புதிதாகப் பற்றவைப்பதே முறை.

என்ஜினிடத்தும் அவசரம் ஆகாது. நெடுநாள் நின்றுபோன என்ஜினைப் புது பேட்டரி பூட்டி உடனே முடுக்கினால், ஒட்டிக்கிடக்கும் பிஸ்டன் வளையங்கள் உடையலாம்; சிலிண்டரின் சுவர் கீறுபடலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவைத்து, பின்பு கையாலேயே மெல்லச் சுழற்றிப் பார்ப்பர். டாங்கியில் பிசினாய் இறுகிய பழைய பெட்ரோலை நீக்கிக் கார்புரேட்டரைத் துலக்குவர். துருவால் ஒன்றோடொன்று ஒட்டிய ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து, தேய்த்து, மசகிட்டு மீண்டும் அடுக்குவர். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டுவர். பிரித்தவன் நினைவை நம்புவதில்லை, சீட்டையே நம்புகிறான்.

ஆயினும் எல்லாவற்றையும் காக்க இயலுமா? இயலாது. பிரேக்கின் ரப்பர்களும் குழாய்களும் எவ்வளவு பழமையானவையாயினும் போற்றத்தக்கவை அல்ல. வெடிப்பு விழுந்த டயருக்கும், காப்புறை உதிர்ந்த மின்கம்பிக்கும் அதுவே விதி. அவற்றில் வைக்கும் பற்று, சாலையில் எதிரே வரும் முன்பின் அறியாத மனிதரின் உயிரைப் பணயமாக வைப்பதாகும். பிரிட்டனில் 2018 மே 20 முதல், 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடைபெறும் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் வண்டியைச் சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் கடமையிலிருந்து உடையவருக்கு விலக்கு இல்லை. சோதிப்பவர் விலகிய இடத்தில் மனச்சான்று நிற்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இத்தனை மாற்றிய பின்பும் அது அதே வண்டிதானா? இவ்வினாவுக்கு அந்நாட்டு வாகனப் பதிவு அலுவலகம் நெடுங்காலம் கைக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. பெரிதும் மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணைக் காத்துக்கொள்ள 8 புள்ளிகள் பெற வேண்டியிருந்தது. அடிச்சட்டத்துக்கு 5 புள்ளிகள். ஸ்பிரிங் அமைப்பு, அச்சுகள், கியர் பெட்டித் தொகுதி, ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தனித்தனியே 2. என்ஜினுக்கோ 1 புள்ளிதான். பேரொலி எழுப்பும் உறுப்புக்கு ஒன்று. கண்ணிற்படாமல் அனைத்தையும் தாங்கும் சட்டத்துக்கு ஐந்து! யாப்பு என்பது கட்டுதல் என்னும் பொருளுடையது என்பதை அறிந்த அவைக்கு, இக்கணக்கில் விளக்க வேண்டியது ஒன்றுமில்லை.

இனி, காக்க வேண்டியது எது? ஆம்ஸ்டர்டாமில் 1948இல் காட்சிக்கு நின்ற முன்னோட்ட வண்டிகளுள் ஒன்று, பிற்காலத்தில் எங்குள்ளது என்றே அறியப்படாமற் போயிற்று. 1960களில் சாலையை விட்டு, வேல்ஸில் ஒரு வயலில் 20 ஆண்டுகள் கிடந்தது. பின்னர்ப் பழுது பார்க்கும் எண்ணத்துடன் வாங்கப்பட்டும் பணி முற்றுப்பெறாமல், தான் பிறந்த சோலிஹல் நகருக்குச் சில மைல் தொலைவில் ஒரு தோட்டத்தில் முடங்கியிருந்தது. 2018 ஜனவரியில், எழுபதாம் ஆண்டை ஒட்டி, அதனைச் செப்பனிடப்போவதாக அந்நிறுவனமே அறிவித்தது. பின்னாளில் கைவிடப்பட்ட பல கூறுகள் அதில் உண்டு: தடித்த அலுமினியத் தகடு, துத்தநாகம் பூசிய அடிச்சட்டம், கழற்றக்கூடிய பின்தொட்டி. புதுவண்ணம் பூசிப் பளபளப்பாக்குதல் அந்நிறுவனத்துக்கு அரிய செயலன்று. எனினும், காலம் பதித்த மங்கலையும் அந்த முதல் வெளிர்பச்சை வண்ணத்தையும் அழிக்காமல் காப்பதாகவே அறிவிப்புச் சொன்னது. அவ்வண்டி எங்கெங்குக் கிடந்தது, என்னென்ன பட்டது என்பதற்கு அந்த மங்கலே சான்று. சான்றை அழித்துவிட்டுப் பெறும் பொலிவு வரலாறாகாது.

பதிப்புத் துறையில் தமிழுக்கு இந்நெறி புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. அவற்றின் எண்கள் வெற்றிடமாகவே நிற்கின்றன. அவ்விடத்தில் தாமே ஒரு பாட்டை இயற்றி வைக்கும் புலமை அவருக்கு இல்லாமலில்லை. சிதைந்ததைச் சிதைந்தது என்று காட்டும் நேர்மை இருந்தமையால் வைக்கவில்லை. ஓலை அரித்த இடமும் நூலின் வரலாற்றில் ஒரு பகுதி என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆக, பட்டறை தரும் விடை இதுதான். பிறர் உயிரைத் தாங்கும் உறுப்பில் பழமை பாராட்டுவது குற்றம். காலத்துக்குச் சான்றாக நிற்கும் உறுப்பைப் புதுக்குவதும் குற்றம். முன்னதற்குத் துணிவு வேண்டும். பின்னதற்கு அடக்கம் வேண்டும். எது எந்த வகையைச் சேரும் என்று கண்ணை மட்டும் நம்பாமல் தட்டிப் பார்த்து அறியும் செவியும் வேண்டும். பழைய நூலைப் பதிப்பிப்பவருக்கும், பழைய வடிவத்தில் புதுக்கவிதை சமைப்பவருக்கும், பத்தாண்டு மரபைப் பதினோராம் ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் ஓர் இலக்கிய வட்டத்துக்கும் இம்மூன்றும் வேண்டப்படுவனவே.