அச்சமும் அதிகாரமும்



சமண நூல்கள் நோகஷாயங்கள் ஒன்பதை எண்ணும்போது அச்சத்தை அடுத்து அருவருப்பை வைக்கின்றன. அண்டை வீட்டாரைக் கண்டு அஞ்சத் தொடங்கியவன் விரைவில் அவர்களை வெறுக்கவும் தொடங்குகிறான். தனிமனிதனிடம் இது மனக்குற்றம். அரசொன்று இதனைக் கருவியாகக் கைக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்க வரலாற்றில் ஒரு சான்று உண்டு.

1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானியப் படை பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. மக்கள் கலங்கியது இயல்பே. அக்கலக்கத்தைத் தணிக்க வேண்டியவர்களோ அதனை வளர்த்தனர். மேற்குக் கடற்கரையின் படைத்தலைவர் ஜான் டிவிட், அங்கு வாழ்ந்த ஜப்பானிய வழியினரை அகற்றவேண்டும் என்று பரிந்துரைத்தார். அவர்கள் நாசவேலை எதுவும் செய்திருக்கவில்லை. அதற்கும் அப்பரிந்துரையில் ஒரு விளக்கம் இருந்தது: இதுவரை ஒன்றும் நிகழாததே இனி நிகழும் என்பதற்கு அடையாளமாம்! இவ்வாதத்தின் முன் எந்தக் குற்றமற்றவன் தப்ப முடியும்?

1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத்தலைவர் ரூஸ்வெல்ட் 9066-ஆம் ஆணையில் ஒப்பமிட்டார். ஏறத்தாழ 1,20,000 பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். மூவரில் இருவர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். வீடும் கடையும் கிடைத்த விலைக்குப் போயின. அவர்களது விளைநிலங்கள்மீது கண்வைத்திருந்த வேளாண் சங்கத்தாரும் அச்சத்தீக்கு நெய் வார்த்தனர். பேர்ள் துறைமுகம் அமைந்த ஹவாய்த் தீவுகளிலோ, மக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஜப்பானிய வழியினர். அவர்களின் உழைப்பின்றி அங்கு எதுவும் நடவாது. எனவே அங்கு இத்தகைய பெருந்திரள் வெளியேற்றம் நிகழவில்லை!

டிவிட்டின் இறுதி அறிக்கை 1943-இல் அச்சாயிற்று. நாட்டுப்பற்றுடையவரையும் அல்லாதவரையும் பிரித்தறியக் காலம் போதாமை காரணமன்று; இவ்வினத்தாரிடையே அவ்வாறு பிரித்தறிதல் இயலாது என்பதே அதன் கூற்று. அரசு நீதிமன்றத்தில் உரைத்துவந்த காரணத்துக்கு இது முரணாயிற்று. போர்த்துறை அப்பகுதியைத் திருத்தி, முதற்படிகளை எரிக்கச் செய்தது. திருத்திய அறிக்கையே வெளிவந்தது. முகாமுக்குச் செல்ல மறுத்துக் கைதான பிரெட் கொரமாட்சுவின் மேல்முறையீட்டை, 1944-இல் உச்சநீதிமன்ற நீதிபதிகள் அறுவர் தள்ளினர், மூவர் மாறுபட்டனர்.

எரியாது எஞ்சிய ஒரு படியை, 1982-இல் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐகோ ஹெர்சிக் யோஷினாகா என்னும் அம்மையார் கண்டெடுத்தார். இளமையில் அவரும் முகாமில் அடைபட்டவர். மறுஆண்டு நவம்பரில் கொரமாட்சுவின் மீதான குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது. கைதானபோது அவருக்கு வயது 23, அப்போது 64. 1988-இல் அரசு மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தோர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. முகாம்களில் இருந்த முதியோரில் பெரும்பாலோர் அதற்குள் மறைந்திருந்தனர்.