மின்னணுக் கல்வியில் பழுதின் பங்கு

(திருப்பதியில் மாணவர்களும் அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற என்னை மின்னணுவியல் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். மின்சுற்றுகளைப் பற்றி என்னைவிட இங்குள்ள மாணவர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே, மின்சுற்றைத் தம் கையால் அமைத்துப் பழகும் மாணவருக்குச் சமுதாயம் எதைத் தர வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன்.

இவ்வட்டாரத்திற்கு மின்னணுவியல் புதியதன்று. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே உள்ள காதங்கியில், 1,024 ஆண்டெனாக்களைக் கொண்ட ரேடார் 1990-களிலிருந்து வளிமண்டலத்தை ஆராய்ந்து வருகிறது. அது நம் நாட்டுப் பொறியாளர்களே வடிவமைத்து நிறுவியது. ரேணிகுண்டாவிலும் ஸ்ரீ சிட்டியிலும் கைப்பேசி, தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றின் பாகங்களை இணைக்கும் ஆலைகள் எழுந்துள்ளன. இவை தரும் வேலைவாய்ப்பு வரவேற்கத்தக்கது. ஆயினும், பிறர் வடிவமைத்ததை இணைப்பது வேறு; நாமே வடிவமைப்பது வேறு. முன்னதற்குச் சில வாரப் பயிற்சி போதும். பின்னதற்கு இளமையிலேயே தொடங்கும் நீண்ட பழக்கம் இன்றியமையாதது.

இப்பழக்கத்தை வளர்க்கவே 2016-இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்க இயக்கத்தின்கீழ், 6 முதல் 12 வரையிலான வகுப்பு மாணவர்களுக்கென 10,000 பள்ளிகளில் செயல்முறைக் கூடங்கள் அமைக்கப்பட்டன. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் அமைக்கப்படும் என்று 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. கருவிகள் வந்து சேரும். அவை மாணவர் கைக்கு வருமா என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். மண்ணின் ஈரத்தை அறிந்து பம்பை இயக்கும் கருவி, நிலக்கடலையும் மாவும் பயிராகும் இம்மாவட்டங்களுக்கு மிகப் பொருத்தமானது. ஒரு மாணவர் அதைச் செய்கிறார். கண்காட்சி மேசையில், பூந்தொட்டியில் நீர் ஊற்றியதும் விளக்கு அணைகிறது, பரிசும் கிடைக்கிறது. அதே கருவியை வயலில் நட்டால் என்ன ஆகும்? இரு உலோகக் கம்பிகளுக்கிடையே இடைவிடாது மின்சாரம் பாய்வதால், ஈரமண்ணில் கம்பி அரிக்கப்படுகிறது. சில வாரங்களில் அளவு பிறழ்கிறது. மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் எழும் மின் அதிர்வால் கட்டுப்பாட்டுப் பலகை தானாகவே நின்று மீண்டும் தொடங்குகிறது.

உண்மையான கல்வி இங்கேதான் தொடங்குகிறது. அளவெடுக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் செலுத்தினால் அரிப்பு குறையும். மோட்டாரின் மின்வழியையும் பலகையின் மின்வழியையும் பிரித்தால் தொல்லை தணியும். இவ்விரண்டையும் மாணவர் தாமே கண்டறிந்தால், அவர் பொறியாளராகும் பாதையில் அடியெடுத்து வைத்துவிட்டார் எனலாம்.

பழுது மாணவருக்கு மட்டும் உரியதன்று. இன்று திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. அதில் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் உழைப்பில் உருவான 'ஆசாதிசாட்' செயற்கைக்கோளும் சென்றது. இரண்டாம் கட்டம் பிரிந்தபோது ஏற்பட்ட குறுகிய அதிர்வை, உணரிகள் பழுதுபட்டதன் அடையாளமாகக் கணினி கொண்டுவிட்டது. செயற்கைக்கோள்கள் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. அப்பெண்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். ஆனால் காரணம் மறைக்கப்படவில்லை, ஆராய்ந்து வெளியிடப்பட்டது, குறை களையப்பட்டது. 2023 பிப்ரவரி 10 அன்று 'ஆசாதிசாட்-2' 450 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையைச் சென்றடைந்தது.

நாட்டின் விண்வெளித் துறைக்கு நாம் அளிக்கும் இந்த உரிமையைப் பள்ளி மாணவருக்கு அளிக்கிறோமா? தணிக்கைக் குறிப்புகளிடையே பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் சக அலுவலர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பணம் செலவாயிற்றா, பொருள் இருப்பில் உள்ளதா என்று நாம் கேட்கிறோம். எரிந்துபோன ஒரு டிரான்சிஸ்டருக்கும் விளக்கம் எழுத வேண்டியிருக்குமோ என்று அஞ்சும் ஆசிரியர், அலமாரியைப் பூட்டிவைப்பதே பாதுகாப்பு எனக் கருதுகிறார். இருப்புப் பதிவேடு குறையின்றி இருக்கும். மாணவர் எதையும் கற்றிருக்கமாட்டார். பொருளாதார நோக்கில் இதுவே பெரிய விரயம். பாடநூலைப் போலவே பயிற்சியில் தீய்ந்துபோகும் சிறு உறுப்புகளும் கல்விச் செலவே.

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன். முதலாவதாக, சிறு மின்னணு உறுப்புகளைத் தேயும் பொருள்களாகக் கருதி, ஆசிரியரே கணக்கிலிருந்து நீக்க வகை செய்ய வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு மாணவரும் பழுதுக் குறிப்பேடு ஒன்றைப் பேண வேண்டும். கண்காட்சி நடுவர்கள் கருவியோடு அதனையும் மதிப்பிட வேண்டும். மூன்றாவதாக, பரிசுக்குரிய கருவி, பயன்பட வேண்டிய இடத்திலேயே ஒரு மாதமேனும் இயங்கிப் பார்க்கப்பட வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் கருவி நின்றுபோனால் வெட்கப்படாதீர்கள். மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள், கண்டதை எழுதிவையுங்கள். அலமாரியின் பூட்டைத் திறப்பது எங்கள் கடமை.