நிற்பது வேறு, நிறுத்தியது வேறு, துண்டித்தது வேறு

(பெட்டி கட்டும் பணிக்களம் ஒன்றில் தொழிலாளரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிபற்றிப் பேசுகிறவனுக்குப் பொறிக்கொட்டகையில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். யான் இன்று பொறியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். மொழி நடுவில் தானே வந்து நிற்கும். அதனை யான் வலிந்து இழுத்துவர வேண்டுவதில்லை.

திருப்பூரின் பின்னலாடையும், கோவையின் நீரேற்றியும், சிவகாசியின் அச்சுப்பொருளும் அட்டைப்பெட்டிக்குள் அடங்கித்தான் கடல்கடந்து போகின்றன. அப்பெட்டியின் வாயை மூடி, ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி, அளவாக அறுத்துவிடும் தானியங்கிப் பொறி இன்று சிறு பணிக்களங்களிலும் வந்துவிட்டது. பார்வைக்கு இஃது அச்சமூட்டும் பொறியன்று. மரமறுக்கும் வாளைப்போல் இரைவதில்லை. அழுத்தும் பொறியைப்போல் நிலத்தை அதிர வைப்பதில்லை. அதனாற்றான் இதனிடம் கைகள் ஏமாந்து போகின்றன.

அதன் உறுப்புகளை முதற்கண் பார்ப்போம். பெட்டி உருளைத்தடத்தின்மேல் வருகின்றது. இருபுறமும் ஓடும் இழுவைப்பட்டைகள் அதனைப் பற்றி உள்ளே இழுக்கின்றன. பெல்ட்டு என்று நீங்கள் சொல்வது இப்பட்டையைத்தான். பெரும்பாலான பொறிகளில் அது மணித்துளிக்கு 20 மீட்டர் அளவில் ஓடும். அஃதாவது நொடிக்கு ஓரடிக்கு மேல். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு நாடாத்தலைகள் உள. ஒவ்வொரு தலையிலும் முன்னுருளை ஒன்று, பின்னுருளை ஒன்று, இரண்டுக்கும் நடுவே பற்கள் அமைந்த வெட்டலகு ஒன்று. பெட்டியின் முகம் முன்னுருளையை மோதும்போது நாடா அதில் ஒட்டிக்கொள்கிறது. உருளைகள் சுருள்வில்லின் இழுப்பை எதிர்த்து உள்வாங்குகின்றன. அலகும் பெட்டியால் தள்ளுண்டு ஒதுங்குகின்றது. பெட்டியின் பின்விளிம்பு கடந்த அந்த நொடியில் அலகு வில்லின் விசையால் பாய்ந்து நாடாவை அறுக்கிறது. பின்னுருளை நாடாவின் வாலைத் தடவி ஒட்டிவிடுகிறது. மடல்களையும் தானே மடிக்கும் பொறியாயின், அழுத்தக் காற்றால் இயங்கும் உந்துதண்டுகள் கூடுதலாக இருக்கும். பெட்டி வந்ததா, கடந்ததா என்று பார்க்க ஒளிக்கண் ஒன்று இருக்கும்.

இந்த ஒளிக்கண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதங்களிற் பல இங்கேதான் தொடங்குகின்றன.

பெட்டி வரவில்லையெனின் தானே நின்று, பெட்டி வந்தால் தானே ஓடும்படி பல பொறிகள் அமைக்கப்பெற்றுள்ளன. நாடா சுருட்டிக்கொண்டது, பெட்டி நடுவில் சிக்கிக்கொண்டது, பொறி ஓசையின்றி நிற்கிறது. தோழர் ஒருவர் கையை உள்ளே விட்டுச் சிக்கலை நீக்குகிறார். சிக்கிய பெட்டி நகர்ந்து ஒளிக்கண்ணின் முன் வருகிறது; அல்லது அவர் முழங்கையே ஒளிக்கண்ணை மறைக்கிறது. பொறிக்குக் கைக்கும் பெட்டிக்கும் வேறுபாடு தெரியாது. அது தன் வேலையைச் செய்துவிடும்.

அவரிடம் முன்னமே கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? 'பொறி ஆப்பில்தான் இருந்தது' என்பார். பொய் சொல்கிறாரா? இல்லை. நம் பணிக்களங்களில் புழங்குவது அந்த ஒரே சொல்தான். பொறி பெட்டிக்காகக் காத்து நின்றாலும் ஆப். குமிழை அழுத்தி நிறுத்தினாலும் ஆப். மின்னிணைப்பையே அறுத்தாலும் ஆப். மூன்று வேறு நிலைகளுக்கு ஒரே பெயர்! ஆங்கிலத்திலும் இம்மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் உள. ஆனால் நம் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது ஒரு சொல்லே. இரவற்சொல் வரும்போது தன் உறவையெல்லாம் அழைத்து வருவதில்லை.

தமிழில் இதற்குப் புதுச்சொல் படைக்க வேண்டிய தேவையே இல்லை. பள்ளிப் பிள்ளையும் அறிந்த தன்வினை பிறவினை போதும். பொறி 'நிற்கிறது' என்றால் அது தானே நிற்கிறது. தானே நின்றது தானே ஓடும். பொறியை 'நிறுத்தினேன்' என்றால் ஒருவர் நிறுத்தியிருக்கிறார். அவரோ பிறரோ மீண்டும் ஓட்டலாம். 'துண்டித்தேன்' என்றால் மின்னும் காற்றும் பொறிக்கு வரும் வழியே அடைபட்டுவிட்டது. நிற்கும் பொறியில் கைவைத்தல் ஆகாது. நிறுத்திய பொறியிலும் ஆகாது. துண்டித்துப் பூட்டிய பொறியில் மட்டுமே கை நுழையலாம்.

சிவப்புக் காளான் வடிவில் இருக்கும் நெருக்கடிக் குமிழை அழுத்தினால் துண்டித்ததாகும் என்று பலர் நம்பியிருக்கின்றனர். ஆகாது. அஃது ஓட்டத்தை நிறுத்தும், அவ்வளவே. மின்பெட்டிக்குள் 230 வோல்ட்டோ 415 வோல்ட்டோ அப்படியே உயிரோடிருக்கும். பல பொறிகளில் உந்துதண்டுக்குள் காற்றும் அடைபட்டே கிடக்கும். அதன் வலிமை எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 6 கிலோ. தண்டின் உட்குறுக்களவு 50 மில்லிமீட்டர். பரப்பு ஏறத்தாழ 20 சதுர செண்டிமீட்டர். உந்தும் விசை நூறு கிலோவுக்கு மேல். ஓர் ஆள் துள்ளி வந்து விரல்மேல் நிற்பதைப் போன்றது அது.

ஆப்பசைத்த குரங்கின் கதையை நாம் எல்லாரும் அறிவோம். தச்சர் பாதி பிளந்த மரத்தில் ஆப்பை அடித்து வைத்துவிட்டு உணவுக்குப் போயினர். ஒருவரும் அறுக்கவில்லை; மரம் சும்மா கிடந்தது. ஆனால் பிளவின் இருபுறமும் ஒடுங்கிச் சேரத் துடித்துக்கொண்டிருந்தன. குரங்கு ஆப்பை அசைத்ததும் அவை சேர்ந்தன, வால் நசுங்கியது. நாடாத்தலையின் சுருள்வில்லும், தண்டிலடைந்த காற்றும் அத்தகையனவே. சிக்கிய பெட்டிதான் அங்கே ஆப்பு! அதை இழுத்தவுடன் வில் விடுபடும்; அலகு பாயும். (ஆப் என்னும் ஆங்கிலச் சொல்லை நம்பியவர்க்கு ஆப்பே வந்து வாய்த்தது என்று சொல்லி நண்பரொருவர் நகைத்தார். நகைக்கத் தக்கதுதான், விரலிழந்தவர் முன் சொல்லத் தக்கதன்று.)

எனவே சிக்கல் நீக்கும் முறையைச் சொல்கிறேன். முதலில் பொறியை நிறுத்துக. அடுத்து முதன்மைத் துண்டிப்பானை, நீங்கள் 'மெயின்' என்பதை, முடக்கிப் பூட்டுப் போட்டுச் சாவியை உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்க. மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டா, உடன்பிறந்தாரிடமும் கொடுக்க வேண்டா. இருவர் வேலை செய்தால் பூட்டும் இரண்டு இருக்க வேண்டும். பின்னர்க் காற்றுக்குழாயின் அடைப்பிதழை மூடி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, அழுத்தமானியின் முள் சுழியில் நிற்பதைக் கண்ணாற் காண்க. அதன்பின் ஓட்டும் குமிழை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். பொறி அசையாதிருந்தால்தான் துண்டிப்பு மெய்யாகும். மேற்றலையைத் திருகி உயர்த்தியிருந்தால் முட்டுக் கொடுத்தபின்னரே அதன்கீழ்க் கை நுழைய வேண்டும். இத்தனைக்கும் எடுக்கும் நேரம் ஓரிரு மணித்துளி. இப்பூட்டுமுறையை அமெரிக்க நாடு 1989-இலேயே தன் தொழிற்சாலைகளுக்கு விதியாக்கிவிட்டது. நம் சிறு பணிக்களங்களில் ஒரு பூட்டு வாங்கத் தயங்குகிறவர்களை யான் பார்த்திருக்கிறேன். கூட்டின் கதவைத் திறந்தால் பொறி நிற்க வேண்டும் என்று அமைத்த காவலமைப்பைக் காந்தத்துண்டு ஒட்டி ஏமாற்றி வைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஏமாறுவது பொறியன்று.

ஓட்டும்போது கருத வேண்டுவன சில. பெட்டியைப் பின்புறமிருந்து பக்கங்களைப் பிடித்துத் தள்ளுக. பொருள் மிகுந்து மடல் பிதுங்குகிறதென்று மேலே உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டே உள்ளே அனுப்புவது கையை அனுப்புவதாகும். பிதுங்கும் பெட்டியை எடுத்துத் திரும்ப அடுக்குக. தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, துப்பட்டா, பின்னி விட்ட கூந்தல், தளர்ந்த கைச்சட்டை ஆகியவை இழுவைப்பட்டைக்கு விருந்து, இறுகக் கட்டிக்கொள்க.

இனிப் பேணுதல். பேணாத பொறியில் சிக்கல் மிகும். சிக்கல் மிகமிகக் கை நுழைவதும் மிகும். கை நுழைவது மிக ஏதமும் மிகும். ஆகையால் பொறியைப் பேணுவதே கையைப் பேணுவதாம்.

வெட்டலகைக் காத்து ஒரு மூடி இருக்கிறது. அஃது அழுத்தினாற் பின்வாங்கும் மூடி. நாடாவுக்கு வழிவிடுவது போலவே விரலுக்கும் வழிவிடும். பொறி முற்றும் துண்டிக்கப்பட்டாலும் அலகு அலகேதான்; அதற்கு மின் வேண்டா. புது நாடாவைக் கோக்கும்போது விரலால் நுனியைத் தள்ளாதீர். பொறியோடு வந்த கோப்பூசியோ மெல்லிய தகடோ இருக்கும். தொலைந்திருப்பின் தடித்த அட்டையில் ஒன்று வெட்டி அணியமாக வைத்துக்கொள்க. பசைமுகம் வரும் பெட்டியை நோக்கியிருக்க வேண்டும்.

நாடா கிழிந்தாற்போல் அறுபட்டால் அலகின் பற்களில் பசை ஏறியிருக்கும், அல்லது அலகு மழுங்கியிருக்கும். பசையை நகத்தாலோ சிறு கத்தியாலோ சுரண்டாமல் குறுந்தூரிகையால் துடைக்க வேண்டும். மழுங்கிய அலகைத் தீட்ட முயலாது மாற்றுக. கழற்றிய அலகைக் குப்பையில் எறிந்துவிட்டால் மறுநாள் கூட்டித் தள்ளும் அம்மையின் கையை அது தேடிப்போகும். தகரக் குப்பியில் இட்டு மூடி வைக்க வேண்டும். நாடா சுருங்கி ஒட்டினால் சுருள் தாங்கியின் தடையைத் தளர்த்தியோ இறுக்கியோ பார்க்க. பெட்டி கோணி நுழைந்தால் இருபட்டைகளின் இறுக்கம் ஒத்திருக்கிறதா, ஒன்று தேய்ந்துவிட்டதா என்று பார்க்க. பெட்டியின் விலா நசுங்கினால் பட்டைகள் நெருங்கி இறுகியுள்ளன என்பது பொருள்.

அட்டைத்தூசு படியும் இடங்களை நாள்தோறும் துடைக்க வேண்டும். ஒளிக்கண்ணை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். தூசு படிந்த ஒளிக்கண் இல்லாத பெட்டியை இருப்பதாகக் கருதும். காற்று வடிகட்டியில் தேங்கும் நீரைக் கிழமைதோறும் வடித்துவிடுக. சங்கிலிக்கு எண்ணெய் இடலாம். இழுவைப்பட்டைக்கும் இரப்பர் உருளைக்கும் இடலாகாது. பசை கரைக்கும் நீர்மங்கள் பெரும்பாலும் தீப்பற்றுவன. துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும், பொறிமேல் ஊற்றலாகாது, அருகே புகையிலைச் சுருட்டும் ஆகாது.

இவையெல்லாம் பொறியோடு வந்த கையேட்டிலேயே உள்ளன என்று உரிமையாளர் சொல்வார். உண்மைதான். எந்த மொழியில்? பொறியின்மேல் ஒட்டிய எச்சரிக்கைத் தாளும் எந்த மொழியில்? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஓடும் உறுப்புகளுக்குக் காப்புவேலி இட்டு, ஓடுங்காலை அதனை அகற்றாது வைத்திருக்கக் கட்டளையிட்டது. 108-ஆம் பிரிவு, அச்சட்டப்படி வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, பணியாளருட் பெரும்பாலார்க்கு விளங்கும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. இன்று அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டுத் தொழிற்காப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ, தன் 2006-ஆம் ஆண்டுப் பொறி நெறிமுறையில், எந்நாட்டில் பொறி விற்கப்பெறுகிறதோ அந்நாட்டின் ஆட்சிமொழியில் கையேடு இருந்தாக வேண்டும் என்று விதித்தது. பத்து நூறாயிரம் மக்கள் பேசும் எசுத்தோனிய மொழிக்கும் அவ்வுரிமை உண்டு. எண்பது நூறாயிரத்தின் பத்து மடங்கு மக்கள் பேசும் தமிழுக்குப் பொறி விற்போரிடம் கேட்டுப்பெற நாம் ஏன் கூசுகிறோம்? விலை பேசும்போதே 'தமிழ்க் கையேடு உண்டா' என்று கேட்க வேண்டும். பணம் கொடுத்தபின் கேட்பது பயனற்றது.

இங்கு ஒன்று சொல்ல வேண்டும். இக்கொட்டகையில் ஒடிய நாட்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழரும் உழைக்கின்றனர். அவர் விரலும் விரலே. நமக்கு விளங்கும் மொழியில் எழுது என்று கேட்கும் நாம், அவர்க்கு விளங்கும் மொழியிலும் ஒரு பலகை மாட்டுவதைத் தடுக்கலாகாது. நாமே முன்னின்று மாட்ட வேண்டும்.

பலகை எழுதும் இளைஞர்களுக்கு ஒரு சொல். தூய சொல் வேண்டும் என்ற ஆர்வத்தால் ஒருவருக்கும் விளங்காத சொல்லை அலகின் பக்கத்தில் எழுதிவிடாதீர். 'மின்னோடி' என்றெழுதலாம், அதை முதலில் தொழிலாளரிடம் சொல்லிப் பழக்கிவிட்டு எழுதுக. நெருக்கடியில் கண் ஒரு நொடிதான் பலகையிற் படும். 'கத்தி உண்டு, கை நுழைக்காதே' என்பதைவிடத் தூய தமிழ் எனக்குத் தெரியவில்லை. மின்பெட்டியின் அருகே மூன்றே வரி எழுதினாற் போதும்: நிற்கிறது, தொடாதே, நிறுத்தியது, தொடாதே, துண்டித்துப் பூட்டியது, தொடலாம். எழுத்து இரண்டு விரற்கடை உயரமாவது இருக்கட்டும்.

இனிப் பேச்சு வேண்டா. அதோ நிற்கும் பொறியில் அலகு மாற்றுவதை உங்கள் கண்முன் செய்து பார்க்கலாம். பூட்டு யாரிடம் இருக்கிறது?