'சற்று' என்றால் எத்தனை மீட்டர்?

(இளைஞர்களும் வணிகர்களும் திரண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. பிழைக்கப் போயிருந்த நம் பிள்ளைகள் போட்ட சட்டையோடு அம்மான் வழியாக ஊர் திரும்பியதை மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய், கடன், ஆதிக்க ஆசை என அந்தப் படையெடுப்புக்குக் காரணங்கள் பல. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, இரு நாடுகளுக்கும் நடுவே ஒரு சின்னச் சொல் தகராறாகக் கிடந்தது.

1932-ல் ஈராக் பிரதமர் நூரி அஸ்ஸயீதும் குவைத் ஷேக்கும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் எல்லை எப்படி எழுதப்பட்டது? அல்பாத்தின் பள்ளத்தாக்கு வழியே வந்து, சஃப்வானின் அட்சரேகைக்குச் 'சற்று தெற்கே' கிழக்காகத் திரும்பும் என்று! 'சற்று' என்றால் எத்தனை மீட்டர்? யாரும் எழுதவில்லை. 1963-ல் அதே எல்லையை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டார்கள். அப்போதும் அளந்து கல் ஊன்றவில்லை.

சகோதரர்களே! எல்லையைச் சொல்லால் வரையறுப்பது ஒரு வேலை. அதை மண்ணில் அளந்து ஊன்றுவது மற்றொரு வேலை. முதல் வேலையோடு நிறுத்தினால், பலமுள்ளவன் தன் அளவுகோலோடு வந்து நிற்பான்.

போருக்குப் பின் 1991-ல் ஐ.நா. ஐவர் குழுவை அமைத்தது. மூவர் பொதுவானவர்கள், இரு நாட்டுக்கும் தலா ஒருவர். பழைய கடிதங்களையும் வரைபடங்களையும் ஆராய்ந்தார்கள். சஃப்வானின் பழைய சுங்கச் சாவடி மதிலின் தென்மேற்கு மூலையிலிருந்து 1,430 மீட்டர் தெற்கே என்று முடிவாயிற்று. நிலத்தில் 2 கி.மீ.க்கு ஒன்றாக 106 தூண்கள் எழுந்தன.

ஆனால் ஈராக் பிரதிநிதி 1992-லேயே வருவதை நிறுத்திவிட்டார். 1993-ல் பாதுகாப்புச் சபை உறுதிசெய்த எல்லையை ஈராக் 1994-ல்தான் ஏற்றது. கோட்டுக்கு அப்பால் சிக்கிய ஈராக் விவசாயிகள் தோட்டத்தை இழந்தார்கள்.

வணிகப் பெருமக்களே! அண்ணன் தம்பி கடையைப் பிரிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? "நமக்குள் என்ன?" என்று சொல்லி, பத்திரத்தில் 'சுமார்', 'ஏறக்குறைய' என்று எழுதுகிறோம். சர்வேயரை அழைக்க வெட்கப்படுகிறோம்.

உறவு நன்றாக இருக்கும்போதே அளந்து விடுங்கள். சண்டைக்குப் பின் சங்கிலி பிடித்தால் அளவு கிடைக்கும், உறவு கிடைக்காது!